சிவப்பு ஆயிலும் சில பெரிய மனுஷங்களும்

கிளட்ச் இல்லாத வண்டிய வாங்கினவர், யோசிக்கிற வேலையும் அந்த கிளட்சோடயே ஒழிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறார். எங்க தொழில் ஓடுறதே அந்த நினைப்புலதான்.

கவுன்டருக்கு உள்பக்கம் நின்னு வயிறெரிஞ்ச சகோதர சகோதரிகளே, துணிக்கடையோ, மருந்துக்கடையோ, ரேஷன் கடையோ, உங்க கதைய நீங்க எழுதுங்க. என் கதை டெல்லி கரோல் பாக்ல, ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்களுக்குப் பின்னாடி ஒரு சந்துல நடக்குது. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம். வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லிக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச திருநெல்வேலி, லீவுல ரயில்ல போய் இறங்கி அத்தைகிட்ட திட்டு வாங்குற ஊர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சதால எனக்கு இதை எழுத வருது. என் தம்பிக்கு வராது. அவன் தமிழ்ல ஒரு போஸ்டர் படிச்சுட்டா அம்மா அன்னிக்கு பாயசம் வைப்பா.

காலேஜ் முடிஞ்சு மத்தியானத்துக்கு மேல சோப்ரா சாப், அதாவது சோப்ரா ஐயா, கடையில வேலை. எம்பசிக்காரங்க ஊருக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போற பெரிய பெரிய வண்டிங்க டெல்லியில நிறைய சுத்துது. அதுல பாதி ஆட்டோமேட்டிக் கியர். அந்த கியர்பெட்டியத் திறக்கத் தெரிஞ்ச கடைங்க ரொம்பக் கம்மி. எங்களுக்கும் தெரியும்னு சொல்ல முடியாது, மத்தவங்களவிட கொஞ்சம் குறைச்சலா பயப்படுவோம். மேனுவல் எல்லாம் இங்கிலீஷ். சோப்ரா சாப்புக்கு இங்கிலீஷ் இருக்கு, பொறுமை கிடையாது. மெக்கானிக் உஸ்தாத் கர்த்தார் சிங்குக்குப் பொறுமை இருக்கு, இங்கிலீஷ் கிடையாது. ரெண்டும் இருக்கிற ஆள் வேணும்னு என்னைச் சேத்தாங்க. இங்கிலீஷ் இருக்கான்னு கேட்டாங்க. பொறுமை இருக்கான்னு யாரும் கேக்கல.

என் வேலை, வண்டி வந்ததும் ஆயில் பாத்துச் சொல்றது. பாலபாடம் இதுதான்: இன்ஜின் ஓடிட்டே இருக்கணும். வண்டி நல்லா சூடாகியிருக்கணும், சமதரையில நிக்கணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டு கியர்க் கம்பிய எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டு போயிட்டு, பார்க்கிங்ல நிறுத்தணும். அப்புறம்தான் ஆயில் அளவு பாக்கிற குச்சிய உருவி, பிசிறு இல்லாத துணியில துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாக்கணும். ஆயில் ரோஸ் சர்பத் மாதிரி சிவப்பா இருந்தா சுகம். டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து, தீஞ்ச வாசனை அடிச்சா வியாதி. ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, உறவுக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பலாம். இவ்வளவுதான். நாலாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியும். வண்டி வச்சிருக்கிறவங்களுக்குப் புரியாது.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுல ஒரு இடி விழுந்துது. அப்பா ஒரு மினிஸ்ட்ரியில அசிஸ்டென்ட். அவரைத் தூக்கி ஷில்லாங்ல போட்டாங்க. அவர் போனா குவார்ட்டர்ஸ் காலி. அம்மாவும் தம்பியும் அவர்கூட. என் படிப்ப பாதியில நிறுத்திட்டு என்னைப் பாளையங்கோட்டை அத்தை வீட்டுக்கு அனுப்பறதுன்னு பேச்சு. அங்க அத்தை மகன் ஒருத்தன் ரெடியா உக்காந்திருக்கான். அவனைப் பத்திச் சொல்ல நிறைய இருக்குன்னு நினைக்காதீங்க, உக்காந்திருக்கான், அவ்வளவுதான். என் பரீட்சை முடியற வரைக்கும் டெல்லியில இருக்க விடுங்கன்னு அப்பா ஒரு மனு கொடுத்தார். மனு ஜாயின்ட் செக்ரட்டரி மேஜையில போய்ப் படுத்துக்கிச்சு. ஜாயின்ட் செக்ரட்டரி தஞ்சாவூர்க்காரர். அப்பத்தான் ஒரு எம்பசிக்காரர்கிட்டேருந்து கப்பல் மாதிரி ஒரு அமெரிக்க ஆட்டோமேட்டிக் வண்டிய வாங்கியிருந்தார். 'எம் மவ வேலை பாக்குத கடையில காட்டுங்க சார்'னு அப்பா போய் வலிய சொல்லிட்டார். வீட்டுக்கு வந்து, ஷூவைக் கூட கழட்டாம என்கிட்ட சொன்னது: "ஏட்டி, அந்த வண்டிய எப்படி வேணாலும் பாரு. வாய மட்டும் தொறக்காத."

அணைச்சா நிறையும், ஓடினா குறையும்

புடவைக்கடை கன்னா சாப் வண்டிய உள்ள கொண்டு வந்து நிறுத்தின அடுத்த நிமிஷம் இன்ஜினை அணைச்சுடுவார். பெட்ரோல் வீணாகுதாம். ஆயில் பாக்கணும், ஓடட்டும்னு நான் சொன்னா, 'நான் அம்பாசடர் ஓட்டினவன், எனக்கா சொல்ற'ன்னு தானே குச்சிய உருவுவார். இன்ஜின் நின்னுட்டா மேல சுத்திட்டிருந்த ஆயில் எல்லாம் கீழ இறங்கி வந்துடும். குச்சியில கோடு தாண்டி நிக்கும். பாத்தியா, ஃபுல்லுன்னு என் மூக்குக்கு நேரா குச்சிய ஆட்டுவார். என் துப்பட்டாவுல இருக்கிற சிவப்புப் புள்ளியெல்லாம் அவர் உபயம்.

ஒரு நாள் விடல நான். சாவிய வாங்கி நானே ஸ்டார்ட் பண்ணி, சூடாக்கி, முறையா எடுத்துக் காட்டினேன். குச்சியோட நுனியில மட்டும் ஈரம். அங்க ஆயிலே இல்ல. பூமி சுத்துறதைக் கண்டுபிடிச்சவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான், நான் அப்படி நின்னேன். கன்னா சாப் குச்சியப் பாத்தார், என்னைப் பாத்தார், சோப்ரா சாப்பைக் கூப்பிட்டார். "பாய்சாப், நான் பாத்தா ஆயில் இருக்கு, இந்தப் பொண்ணு பாத்தா இல்ல. பொண்ண மாத்து."

தாடியோட சொன்னா உண்மை

எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல்ல கேக்கிற கேள்வி, 'ஆள் யாரும் இல்லையா?' நான் ஆள் இல்லையான்னு திருப்பிக் கேட்டா, இல்லம்மா, ஆள்னா ஆம்பளைன்னு விளக்கம் சொல்வாங்க. ஒரு ஹோட்டல் முதலாளிகிட்ட, உங்க ஆயில் தீஞ்சு போச்சு, உள்ள தட்டு தேய ஆரம்பிச்சிருக்குன்னு மூணு பாஷையில சொல்லியாச்சு. அவர் என் தலைக்கு மேல பாத்துக்கிட்டே நிக்கிறார், அங்க யாரோ ஆம்பளை வந்து முளைக்கப் போற மாதிரி.

உள்ளேருந்து உஸ்தாத் கையத் துடைச்சுக்கிட்டு வந்தார். குச்சிய மோந்து பாத்தார். என்னைப் பாத்தார். மெதுவா, என்னன்னு கேட்டார். தீஞ்சிருக்கு, தட்டு தேயுதுன்னேன். அவர் திரும்பி ஹோட்டல்காரர்கிட்ட, 'ஜனாப், தீஞ்சிருக்கு. தட்டு தேயுது'ன்னார். ஹோட்டல்காரர் மூச்சு விட்டார். 'இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே'ன்னார். அவர் போனதும் நான் உஸ்தாதைப் பிடிச்சுக் கத்தினேன். அவர் சாந்தமா டீயை உறிஞ்சிட்டு, பெத்த பிள்ளைகிட்ட பேசற மாதிரி சொன்னார்: "நீ படிச்சுச் சொல்லு, பேட்டா, நான் தாடியோட திருப்பிச் சொல்றேன். இந்தக் கடையில எனக்கு அதுக்குத்தான் சம்பளம்."

ஊட்டம் போதல

ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி சர்தார்ஜி. அவரோட வெளிநாட்டு வண்டி, குளிர் ஆரம்பிச்சதுலேருந்து காலையில நகர மாட்டேங்குது. கம்பிய டிரைவுல போட்டா, எருமை எழுந்திருக்கிற மாதிரி ரொம்ப நேரம் யோசிச்சிட்டுத்தான் கிளம்புது. குச்சிய உருவினா, அதுல ஒட்டிட்டு வந்தது சிவப்பும் இல்ல, கறுப்பும் இல்ல, ஒரு மஞ்சள் கூழ். விசாரிச்சா, அவரே லாரிக்கு ஊத்துற கெட்டி கியர் ஆயில வாங்கி ஊத்தியிருக்கார். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள்ள ஆயில்தான் கை, கால் எல்லாம், அது தண்ணி மாதிரி ஓடினாத்தான் வண்டி நகரும்னு நான் பிசிக்ஸ் கிளாஸே எடுத்தேன்.

அவர் நல்ல மனுஷன், கடைசி வரைக்கும் கேட்டார். நாங்க வித்த சிவப்பு ஆயில் டப்பாவைத் திறந்து, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தார். அவர் முகத்துல எனக்காக ஒரு வருத்தம் வந்தது. "அரே பேட்டா, இவ்வளவு பெரிய வண்டிக்கு இந்தத் தண்ணி மோரையா ஊத்தறீங்க? நான் என் வீட்டு நெய் மாதிரி ஊத்தினேன், அதான் அது கொழுத்து உக்காந்துடுச்சு."

பெரியவர் தரிசனம்

ஜாயின்ட் செக்ரட்டரியோட வண்டி வந்தது. நாலு டயர்லயும் ஒட்டிக்கிட்டு வந்த நசுங்கின எலுமிச்சம்பழம், முன்னாடி கண்ணாடியில குங்குமம், கிரில்ல காஞ்ச மாலை. டிரைவர் ராம் அவதார் ஓட்டிட்டு வந்தான். பின்னாடி அவரும், அவர் வீட்டு மாமியும். மாமி இறங்கி என்னை மேலும் கீழும் பாத்து, 'நீதான் சுடலைமுத்து பொண்ணா? சமத்தா இருக்கியே'ன்னாங்க. சமத்துதான், வாயில பூட்டு போட்டிருந்தது. வண்டிய யார் பாத்தாலும் கண்ணு வைக்கிறாங்களாம். தினம் சாயங்காலம் அது வீட்டுக்குத் திரும்பினதும் ஆரத்தி கரைச்சு, சுத்திக் கொட்டுறாங்களாம். சுண்ணாம்புக்கு முனையில இருக்கிற பான்வாலாதான் வாடிக்கை, இப்பல்லாம் அவன் கேக்காமலே எடுத்து வச்சிடறானாம்.

ஆயில் கொஞ்சம் குறைச்சலா இருந்தது. ஊத்தி, திரும்பப் பாத்து, சரி பண்ணினோம். நான் குரலுக்கு வெல்லப்பாகு தடவி, 'சார், வாரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் ஓடும்போது குச்சிய எடுத்துப் பாருங்க. காலையில வண்டிய எடுத்ததும் நின்ன இடத்துல சொட்டு விழுந்திருக்கான்னும் பாத்துக்கோங்க'ன்னேன். அவர் பேப்பர்லேருந்து தலையத் தூக்கல. "அதுக்கு டிரைவர் இருக்கான்மா. ஆயில் குச்சி பாக்கறதுக்காக நான் ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணலை."

தக்கா

டெல்லியில ஜனவரி மாசக் காலையில ரோட்டுல பாதி ஜனம் வண்டிக்குள்ள இருக்கும், பாதி ஜனம் வண்டிக்குப் பின்னாடி இருக்கும். பேட்டரி செத்தா தள்ளு. இதுக்குப் பேர் தக்கா. முன்னப்பின்ன தெரியாதவங்க டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு வந்து தள்ளுவாங்க. இந்த ஊர்ல நான் பாத்த ஒரே ஒத்துமை அதுதான். ஆட்டோமேட்டிக் வண்டிய மட்டும் அப்படித் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. இன்ஜின் ஓடினாத்தான் உள்ள இருக்கிற பம்ப் ஆயிலத் தள்ளும். ஆயில் தள்ளினாத்தான் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம். சம்பந்தமே ஆகாத வீட்டுக்கு சீர் தூக்கிட்டுப் போற மாதிரிதான் அந்தத் தள்ளு.

ஒரு நகைக்கடைக்காரர் தன் வண்டிய அப்படித்தான் தள்ள வச்சே கடை வரைக்கும் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஆள் மாறி ஆள் மாறி தள்ளியிருக்காங்க. ஒரு கல்யாண பேண்டு செட்டே ட்ரம்பெட்ட அக்குள்ல வச்சுக்கிட்டு தள்ளிட்டு வந்துது. அவங்க முன்னாடியே, பேட்டரிய மாத்தினா போதும், தள்ளினதுல பிரயோஜனமே இல்லன்னு சொல்லிட்டேன். பேண்டு மாஸ்டர் அப்படியே பிளாட்ஃபாரத்துல உக்காந்துட்டார். நகைக்கடைக்காரர் என்னைக் கேட்டார்: "தள்ளினா ஸ்டார்ட் ஆகாத வண்டிய, அந்த அமெரிக்காக்காரன் யாரை நம்பி வீட்டை விட்டு வெளிய எடுக்கிறான்?"

ஒழுகறது எங்கே

பெரியவர் வண்டி திரும்ப வந்தது. ஆயில் இன்னும் குறைஞ்சிருந்தது. ஊத்தினோம். கொஞ்ச நாள்ல மறுபடி வந்தது, மறுபடி குறைஞ்சிருந்தது. வண்டிய மேடையில ஏத்திப் பாத்தா, ஆயில் வெளிய வராம தடுக்கிற முன்பக்க சீல்ல ஈரம். ஓடி சூடானா தெரியாது, நிறுத்தி ஆறினப்புறம் மெதுவா கசியற வகை. உஸ்தாத் கழட்டிப் பாக்கணும்னார். கழட்டினா வாரக்கணக்குல ஆகும். பெரியவருக்கு கிளப்புக்குப் போகணும், முடியாதுன்னுட்டார். ராம் அவதார்கிட்ட தனியா, அண்ணன்னு கூப்பிட்டு, 'பையா, காலையில தரையில சிவப்பா எதாவது பாத்தியா'ன்னேன். அவன் நெஞ்சுல கை வச்சு, ஒரு சொட்டு ஆயில் பாத்ததில்லன்னான். அவன் பொய் சொல்லல. அது அப்புறம்தான் தெரிஞ்சது.

நான் பெரியவர்கிட்ட போய், 'சார், உங்க வீட்டுலதான் எங்கயோ ஒழுகுது'ன்னு ஆரம்பிச்சேன். அவர் கண்ணாடியக் கழட்டி, துடைச்சு, மாட்டினார். எங்க அப்பா மனு மேல எழுதற பேனா அவர் பையில குத்தியிருந்தது. அதப் பாத்துக்கிட்டே, வந்த நாலு வாக்கியத்தையும் முழுங்கினேன். நாலும் நல்ல வாக்கியம். இன்னிக்கும் குளிக்கும்போது சொல்லிப் பாக்கிறேன். அவர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார்: "எங்காத்துல எதுவும் ஒழுகலைம்மா. இங்க ஊத்தறோம்னு சொல்றேளே, அங்கதான் எங்கேயோ ஒழுகறது."

கடைய திருட்டுக்கடைன்னுட்டார். சோப்ரா சாப் சிரிச்சு கும்பிட்டு அனுப்பினார். நான் அன்னிக்கு பஸ்ல எல்லார்கூடவும் சண்டை போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அப்பா வாசல்லயே நின்னு கேட்டார்: "ஒண்ணும் சொல்லலைல்லா?"

போர்ட்டிகோவுல சிவப்பு

ஞாயித்துக்கிழமை காலையில கடைக்கு போன். பெரியவர் வண்டி ஸ்டார்ட் ஆகுது, இன்ஜின் கத்துது, ஆனா ஒரு அடி நகரல. உஸ்தாத் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து நானும் போனேன். பங்களா கேட்டுக்குள்ள நுழைஞ்சா, பெரியவர் ஸ்வெட்டர், மஃப்ளரோட ஸ்டியரிங்ல உக்காந்திருக்கார். பின்னாடி ராம் அவதார், தோட்டக்காரன், ரெண்டு பியூன். அவங்களுக்கு நடுவுல, லீவு நாள்ல, தலையில குரங்குக் குல்லாவோட, என் அப்பா. தக்கா. வண்டிய போர்ட்டிகோலேருந்து வெளிய தள்ளிட்டிருந்தாங்க, தள்ளினா கியர் பிடிச்சுக்கும்னு யாரோ சொன்னாங்களாம். சொன்னது அப்பாதான்னு அப்புறம் தெரிஞ்சது. அப்பா என்னைப் பாத்து, தள்ளிக்கிட்டே, உதட்டு மேல விரல் வச்சார்.

வண்டி நகர்ந்துது. அது நின்ன இடத்துல, போர்ட்டிகோ சிமென்ட்ல, ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு சிவப்புத் திட்டு. பக்கத்துலயே இன்னொரு திட்டு, சின்னது. நான் குந்தி உக்காந்து ரெண்டையும் தொட்டேன். சின்னது காஞ்சு பொடியா வந்துது, மஞ்சள் வாசனை. பெருசு வழுக்கிச்சு. 'ராம் அவதார், ஒரு சொட்டு கூட பாத்ததில்லன்னியே, இது என்ன?' அவன் கன்னத்துல போட்டுக்கிட்டான். 'ஆயில்னா கறுப்பா இருக்கும். இது மேம்சாப் பூஜை போட்ட தண்ணி. அதைத் துடைச்சா பாவம்னு நான் தொடறதில்ல.' மாமி, 'நான் வண்டிக்கு முன்னாடிதானே கொட்டுவேன், அடியில எப்படிப் போச்சு'ன்னாங்க. பெரியவர், 'தினம் நானே பாக்கறேனே, உன் ஆரத்திதானேன்னு தாண்டிண்டு போயிடுவேன்'னார். ஆக, ஒரு வீடே குளிர்காலம் பூரா சொட்டு சொட்டா ஒழுகின ஆயில, பயபக்தியோட மிதிக்காம சுத்திப் போயிருக்கு.

அப்பா இன்னும் வண்டியப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நின்னார். குல்லா கண்ணு வரைக்கும் இறங்கியிருந்தது. அதப் பாத்ததும் என் வாய்ப்பூட்டு உடைஞ்சுடுச்சு. 'சார், உங்க வண்டிக்கு யாரும் கண்ணு வைக்கல. யாராவது தரையில கண்ணு வச்சிருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும். கடையில திருடினாங்கன்னீங்களே, அந்த ஆயில் அத்தனையும் உங்க வாசல்லதான் கோலம் போட்டிருக்கு. இதைத் தள்ளினாலும் போகாது, இழுத்தாலும் போகாது. முதல்ல எங்க அப்பாவ விடுங்க, அவர் கியர்பெட்டி இல்ல'ன்னேன். உஸ்தாத் ஆகாயத்தப் பாத்தார். பியூனுங்க வண்டிய விட்டாங்க. அப்பா விடல. கடைசியில மாமிதான் பேசினாங்க: "ஏன்னா, இத்தனை நாள் நான் கொட்டினதைவிட உங்க வண்டி கொட்டினதுன்னா ஜாஸ்தியா இருக்கு."

மேஜை மேல மனு

வீட்டுல அன்னிக்கு யாரும் என்கூடப் பேசல. அம்மா சூட்கேஸ பரண்லேருந்து இறக்கினா, பேசறதைவிட சத்தமா. தம்பி ஷில்லாங்ல கிரிக்கெட் உண்டான்னு கேட்டு அடி வாங்கினான். நான் எலெக்ட்ரோடைனமிக்ஸ் புக்க திறந்து வச்சுக்கிட்டு, அத்தை மகன் உக்காந்திருக்கிறதை நினைச்சிட்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வந்தார். பெரியவர் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினாராம். உக்காரச் சொல்லலையாம். அதோட நிறுத்திட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடிச்சார். 'என்ன சொன்னாருன்னு சொல்லுங்களேன்'னு அம்மா அழ ஆரம்பிச்சா. அப்பா, பெரியவர் சொன்னதை அவர் குரல்லயே, அவர் பாஷையிலயே சொன்னார்: "'ஓய் சுடலைமுத்து, உம்ம பொண்ணுக்கு வாய் ரொம்ப நீளம். ஆனா அந்த வண்டி எப்படி நகரும்னு இந்த ஊர்ல அவளுக்குத்தான் தெரியறது. வண்டி ரெடியாகி என் வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் நீர் எங்கேயும் போகப்படாது.'"

பரீட்சைன்னு எழுதிக் கொடுத்த மனு மூணு மாசம் படுத்துக் கிடந்தது. வண்டின்னதும் எழுந்து உக்காந்து, வண்டி ரெடியாகிற வரைக்கும்னு கையெழுத்து வாங்கிக்கிச்சு. அப்பாவுக்கு சந்தோஷம் தாங்கல. எனக்குக் கோபம் தாங்கல. சூட்கேஸத் திரும்ப மேல ஏத்தும்போது அம்மா சொன்னா: "அப்புறம் கோவப்படு. முதல்ல படி."

சீல்

பெரியவர் வண்டியப் பிரிச்சுப் போட்டோம். ஆயில் இல்லாம ஓட்டினதுல உள்ள தட்டெல்லாம் கருகியிருந்தது. சீலும் தட்டும் வெளிநாட்டுலேருந்துதான் வரணும். மாமியோட தம்பி ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தார், அவர் வாங்கி கடை விலாசத்துக்கே அனுப்பறதா ஏற்பாடு. வாரா வாரம் பெரியவர் போன் பண்ணுவார், வந்துதான்னு. மாமி ஒரு தடவை நேர்லயே வந்து, பிரிச்சுப் போட்ட பெட்டிக்கு முன்னாடி ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சுட்டுப் போனாங்க. உஸ்தாத் அதை டீயில பிழிஞ்சு குடிச்சுட்டார்.

என் பரீட்சை ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, கடைக்கு லீவு சொல்லப் போனேன். உஸ்தாத் ஒரு பார்சலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். மேல அமெரிக்க ஸ்டாம்பு. சுத்தி யாரும் இல்ல. சோப்ரா சாப் உள்ள போன்ல இருந்தார், மறுமுனை யாருன்னு அவர் கும்பிடுற விதத்துலயே தெரிஞ்சது. உஸ்தாத் தாடியத் தடவிக்கிட்டு, என்னை விட சாதுவா ஒரு ஆள் பூமியில இல்லங்கற முகத்தோட கேட்டார்: "இது எப்ப வந்துதுன்னு நான் தாடியோட சொல்லணும், பேட்டா? உன் பரீட்சைக்கு முன்னாடியா, அப்புறமா?"

கன்னா சாப்கிட்ட, ஹோட்டல்காரர்கிட்ட, ஜாயின்ட் செக்ரட்டரிகிட்டயே அடங்காத என் வாய், வாழ்க்கையிலயே முதல் தடவையா தானா மூடிக்கிச்சு. பார்சல் பரீட்சைக்கு அப்புறம்தான் 'வந்துது'. இப்போ பரீட்சையும் முடிஞ்சுது, வண்டியும் ஓடுது, நான் படிச்ச பிசிக்ஸ்ல இல்லாத ஒரு விதி மட்டும் தெரிஞ்சுது: இந்த ஊர்ல ஒரு மனு நகரணும்னா, எங்கயோ ஒரு பெரிய மனுஷனோட வண்டி நிக்கணும்.